எலுவன்குளத்து ஜீப்பில் ஒரு சின்ன சீட்

ஆயுளில் பெரும் பங்கை வாகனங்களுக்கு சீட் பொருத்தியே கழித்தவன் நான். ஆனால் எந்த சீட்டிலும் ஒழுங்காக இருக்க எனக்கு ஏலாது. பஸ்ஸில் ஏறினால் முன் சீட்டின் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன். ஓட்டோவில் ஏறினால் குஷனைத் தூக்கி அடியில் என்ன பலகை போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். போன மாதம் மைத்துனர் மகளின் கல்யாணத்துக்கு வேன் பிடித்துச் சிலாபம் பக்கம் போனோம். எனக்குப் பின்னால் இருந்த சீட் வழி முழுக்கக் கிறீச்சிட்டது. தேத்தண்ணி குடிக்க நிறுத்திய இடத்தில் தாங்க முடியாமல் வெள்ளைச் சாரத்தோடு வேனுக்கு அடியில் படுத்துவிட்டேன்.

“இஞ்ச பாருங்க, எழும்புங்க, எல்லாரும் பாக்கிறாங்க” என்றாள் என் மனைவி. “வேனுக்கு அடியிலயா பொண்ணு ஈக்கிறா?”

அடியில் ஒரு நட் கழன்று விழுந்தே போயிருந்தது. சாரதியிடம் சொன்னேன். “இவ்வளவு நாளும் ஒண்டும் ஆகல்லயே நானா” என்றான், அண்ணனிடம் சொல்வது போல. இந்த ஒரு வசனத்தைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கொதி வரும். விழுகிற சீட் விழுகிற நாள் வரைக்கும் விழாமல்தானே இருக்கும்! கல்யாண வீட்டில் புரியாணி சாப்பிடும்போதும் அந்த நட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதுகெலும்பு தேய்ந்துவிட்டது, இனிக் குனிய வேண்டாம் என்று டொக்டர் சொன்னதால் வேலையை விட்டேன். மனசு விடவில்லை. வீட்டில் கதிரையில் இருப்பேன், எழும்புவேன், கேற் வரைக்கும் போவேன், திரும்பி வருவேன். இப்படி நடந்துகொண்டிருந்த ஒரு நாள்தான் சிவாவிடமிருந்து போன் வந்தது. சிவா உடப்பைச் சேர்ந்தவன். நான் வேலை செய்த கராஜை இப்போது நடத்துகிறவன்.

“பாஸ், காட்டுக்கு ஆள் ஏத்திற ஜீப்காரர் எல்லாரும் ஒரேயடியா வாறாங்கள். பின் சீட்டுக்கும் பெல்ட் வேணுமாம். எங்க எங்க அடிக்கிறதெண்டு ஒருக்கா சொல்லுங்கோ.”

“அடிக்கிறதா? ஆணியாடா அடிக்கப் போற?”

அவன் சிரித்தான். “எழுதித் தாங்கோ பாஸ். கராஜ் சுவரில ஒட்டி வைப்பம்.”

அதற்காகத்தான் எழுத இருந்தேன். சுவரில் ஒட்டுகிற அளவைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. பரவாயில்லை, சிவா பொறுமையாக வாசிக்கட்டும்.

நான் கனமூலைக்காரன். வாப்பாவோடு தோட்டத்தில் நிற்கப் பிடிக்காமல் புத்தளத்தில் ஒரு குஷன் கடையில் சேர்ந்து ரெக்ஸின் தைக்கப் பழகினேன். தையல் வந்தது. ஆனால் ஒரே இடத்தில் குந்தியிருக்க வேண்டிய வேலை அது, பொறுக்க முடியவில்லை. பாலாவிச் சந்தியைத் தாண்டி, உப்பளத்துக்குப் போகும் மண் பாதையின் ஓரத்தில் சூசை பாஸின் கராஜ் இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தேன். வெல்டிங், துளை போடுவது, அளவு எடுப்பது எல்லாம் அங்கேதான் பழகினேன்.

சூசை பாஸ் சிலாபத்துக் கரையோரத்துக் கத்தோலிக்கர். எங்களிடம் தமிழ் கதைப்பார், கோபம் வந்தால் சிங்களத்துக்கு மாறுவார், சந்தோஷம் வந்தால் ஒன்றும் கதைக்க மாட்டார். முதலில் படகு கட்டியவர். அதனால் எதையும் அடிப்பக்கத்திலிருந்துதான் பார்ப்பார். புதிய ஜீப் ஒன்று கராஜுக்குள் வந்தால், சொந்தக்காரன் மேலே நின்று எத்தனை சீட், என்ன நிறம் என்று விளக்கிக்கொண்டிருப்பான். இவர் கீழே படுத்துக் கிடப்பார். மேலே இருப்பவன் பேசி முடித்த பிறகு வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்பார். அநேகமாக அதோடு அவன் நிறத்தை மறந்துவிடுவான்.

காட்டு ஜீப் என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் கெப் வண்டிதான். பின் தொட்டியில் படிப்படியாக உயரும் சீட்டுகள் போட்டு, மேலே கூரை அடித்து, வில்பத்துவுக்குள் கரடியும் சிறுத்தையும் பார்க்க ஆட்களைக் கொண்டுபோவார்கள். சீட் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் காடு தெரியும். அதனால் ஒவ்வொரு சாரதியும் மற்றவனை விட உயரமாகக் கேட்பான். உயர்த்தினால் வண்டி சரியும் என்று சொன்னால் முகத்தைச் சுழிப்பான். பெல்ட் என்றால் இன்னும் மோசம். எங்கேயாவது ஓர் இடத்தில் தொங்கினால் போதும் என்று நினைப்பான். கூரையைத் தாங்கும் மெல்லிய குழாயில் தோள் பெல்டை மாட்டிக்கொண்டு வந்தவர்களை எல்லாம் பார்த்திருக்கிறேன். வண்டி புரண்டால் அந்தக் குழாய் மடங்கும். மடங்குகிற குழாயோடு ஆளையும் சேர்த்துக் கட்டி வைத்திருப்பார்கள்!

பாஸின் முறை வேறு. தொட்டியின் தகட்டை அவர் தரை என்றே கணக்கெடுக்க மாட்டார். போல்ட் தகட்டைத் தாண்டிக் கீழே சேஸியின் குறுக்குச் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். சட்டம் இல்லாத இடத்தில் அடியில் கனத்த இரும்புத் தகடு ஒன்று வைத்து, அதற்குக் கீழே நட் முறுக்க வேண்டும். வெறும் வாஷர் போட்டால் இழுவையில் அது தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். பெல்டின் அடி நுனி சீட்டின் சட்டத்தில் மாட்டப்படக் கூடாது, வண்டியின் உடம்பில் மாட்டப்பட வேண்டும்; சீட் கழன்றாலும் ஆள் நிற்க வேண்டும். மடிப் பெல்ட் வயிற்றில் கிடக்கக் கூடாது, இடுப்பெலும்பில் கிடக்க வேண்டும். தோள் பெல்ட் தோளின் உயரத்திலிருந்தோ அதற்குச் சற்று மேலிருந்தோ வர வேண்டும். கீழேயிருந்து வந்தால் முதுகை அமுக்கும். உடைந்த வாகனத்திலிருந்து கழற்றிய பழைய பெல்டை அவர் கையால் தொடவே மாட்டார். ஒரு தடவை இழுபட்ட பெல்ட் தன் வேலையை முடித்துவிட்டது என்பார்.

வேலை முடிந்த பிறகு பின்பற்ற ஒரு விதி இருந்தது. பொருத்தியவன்தான் முதலில் இருக்க வேண்டும். அதுவும் கடைசி சீட்டில், பெல்ட் போட்டுக்கொண்டு. பாஸ் ஸ்டியரிங்கைப் பிடிப்பார். உப்பளத்து வரம்புப் பாதையில் ஒரு பள்ளம் விடாமல் இறக்கி ஏற்றுவார், சொல்லாமல் ப்ரேக் அடிப்பார். கராஜுக்குத் திரும்பியதும் முதலில் என் முகத்தைப் பார்ப்பார். பிறகு போல்ட்டைப் பார்ப்பார். இரண்டும் சரியாக இருந்தால் “ஹரி, மல்லி” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். சரி தம்பி என்பதற்கு மேல் ஒரு வார்த்தை அந்த மனிதரின் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. நல்லம் என்று சொன்னால் வாய் தேய்ந்துவிடுமா என்று எத்தனையோ முறை மனசுக்குள் ஏசியிருக்கிறேன்.

ஒரு முறை கற்பிட்டிப் பக்கத்துக்காரர் ஒருவர் கெப் ஒன்றைக் கொண்டு வந்தார். பார்க்கப் புத்தம் புதிது மாதிரி. நிறம் அடித்து, மினுங்க மினுங்க. பின்னால் சீட் போட்டு பெல்டும் போட வேண்டும், அடுத்த கிழமை வெளிநாட்டார் வருகிறார்கள் என்று அவசரப்படுத்தினார். பாஸ் அடியில் படுத்தார். வெளியே வந்தார். “மழைக் காலத்தில இதில என்ன ஏத்திறது?” என்று கேட்டார்.

அந்த மனிதர் தடுமாறினார். “அது... உப்பு ஏத்துவம். சில நேரம் றால், ஐஸ் போட்டு. வண்டி சும்மா நிக்கேலாதே.”

பாஸ் ஒரு ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்து, தொட்டியின் மூலையில் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். பாண் துண்டுக்குள் இறங்குவது போல அது தகட்டுக்குள் இறங்கிவிட்டது. உப்புத் தண்ணி சட்டத்தின் குழிக்குள் போய், உள்ளிருந்தே தின்று முடித்திருந்தது. வெளியே நிறம் மட்டும் மிச்சம். எங்கள் கரையில் இதைச் செய்யாத வண்டிக்காரன் இல்லை. காட்டுக்கு ஆள் இல்லாத காலத்தில் உப்பு, உப்பு இல்லாத காலத்தில் ஆள்.

“சீட் போட ஏலாது” என்றார் பாஸ். “முதல்ல சட்டம் மாத்தணும்.” வண்டிக்காரர் கத்தினார், வேறு கராஜ் இல்லையா என்றார். “இருக்குது” என்று சொல்லிவிட்டு பாஸ் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். எனக்குத்தான் கை துறுதுறுத்தது. அந்தச் சாவியைப் பிடுங்கி உப்பளத்துக்குள் எறியலாமா என்று இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், இன்றைக்கும் அந்த நிறத்தில் ஒரு கெப் எதிரே வந்தால் திரும்பித் தொட்டியைப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

இனி நவ்ஷாதின் விஷயத்துக்கு வருகிறேன். சிவா கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற முழுப் பதிலும் இதுதான்.

நவ்ஷாத் எலுவன்குளத்துப் பையன். சொந்த ஜீப்பில் காட்டுக்கு ஆள் ஏற்றுகிறவன். அதன் பின் சீட்டுகள் நாங்கள் பொருத்தியவை. ஒரு காலையில் ஜீப்பைக் கராஜ் வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமலே இருந்தான். எனக்குக் காத்துக்கொண்டிருக்க முடியுமா? போய்க் கதவைத் திறந்தேன்.

“என்ன தம்பி, சீட் ஆடுதா?”

“சீட் இல்ல நானா. என்ட மவள்.”

அவனுக்கு ஸஹ்ரா என்று ஒரு பிள்ளை. பிறந்ததிலிருந்தே உடம்பு அவள் சொன்னபடி கேட்காது. கழுத்து நிற்காது, கை கால் தன் பாட்டில் இழுக்கும், பேச்சு வராது. ஆனால் எல்லாம் விளங்கும், சிரிப்பாள். கால்களுக்குப் பயிற்சி கொடுக்கப் புத்தளத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும். அவள் உம்மா பரீனா பிள்ளையை நெஞ்சோடு நெஞ்சாக அணைத்து, தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, முன் சீட்டில் இருந்து வருவாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது சரி. இப்போது ஸஹ்ராவுக்குப் பன்னிரண்டு வயது. பரீனாவோ மெலிந்த, சின்ன உடம்புக்காரி.

அந்த முறை மழையில், எலுவன்குளத்து வழியில் ஆற்றோடு ஒட்டித் தாழக் கட்டிய சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் வெள்ளம் போனது. வடிந்த பிறகு பார்த்தால் பாதை முழுக்கக் குழி. ஜீப் ஒரு குழிக்குள் இறங்கிய அடியில் பரீனாவின் கை விட்டுப்போனது. பிள்ளையின் தலை முன் பலகையில் மோதி, நெற்றியில் தையல் போட வேண்டி வந்தது.

“அண்டைக்குப் பொறகு அவ கிளினிக் போறதையே நிப்பாட்டிட்டா நானா. போகாட்டி கால் ரெண்டும் மடிஞ்சபடியே இறுகிரும் எண்டு அங்க சொல்றாங்க. போனா இன்னொரு குழியில கழுத்தே போயிரும். நான் என்ன செய்ற? ஒரு சீட் செஞ்சி பெல்ட் போட்டுத் தாங்க. ஆனா பெல்ட் எண்டு அவகிட்ட சொல்லிராதீங்க. புள்ளயக் கட்டேலா எண்டு ஒரே புடி.”

“சீட்டெண்டா அளவு வேணுமே.”

வளர்ந்த பெண் பிள்ளை. நான் அளக்க முடியாது. உம்மாதான் அளக்க வேண்டும். இடுப்பின் அகலம், முதுகிலிருந்து முழங்காலின் மடிப்பு வரைக்கும், அங்கிருந்து குதிக்கால் வரைக்கும், இருக்கிற இடத்திலிருந்து தோள் வரைக்கும், தலை உச்சி வரைக்கும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு நாளில் நைலோன் நூல் துண்டுகளைக் கொண்டு வந்தான். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒவ்வொரு நிறச் சீலைத் துண்டை முடிந்து அனுப்பியிருந்தாள் பரீனா. எது எந்த அளவு என்று அவன் மனப்பாடமாகச் சொன்னான். அவ்வளவு நேர்த்தியான அளவை நான் டேப் பிடிக்கத் தெரிந்தவர்களிடம்கூட வாங்கியதில்லை.

அந்த நூலுக்குச் சரியாகப் பலகையில் கூடு அடித்தேன். தோள் வார் வரும் துளைகளை வெட்டினேன். தலைக்கு இரண்டு பக்கமும் காது மாதிரிப் பலகை வைத்தேன். பிறகு பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லி, பரீனாவைக் கொண்டு கூட்டுக்குள் இருத்திப் பார்த்தால், எல்லாம் பிழை! தோள் துளை அவள் காதுக்கு மேலே நிற்கிறது. தலைப் பலகை வெறும் காற்றைத் தாங்குகிறது. பிள்ளை கூட்டுக்குள் சரிந்து முன்னால் வழுக்குகிறாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“எப்புடி அளந்தீங்க தங்கச்சி? நூல் ஒண்டும் சரியில்லயே!”

“பாயில கெடத்தி நீட்டித்தான் அளந்தன் நானா.” அவள் குரல் சிறுத்துப் போனது. “வேற எப்புடி அளக்க? இவ ஒரு நாளாவது இருந்தீக்கிறாளா? கெடப்பா, இல்லாட்டி என்ட மேல ஈப்பா.”

படுத்த உடம்பு நீளமாக இருக்கும். இருத்தினால் முதுகு வளையும், கழுத்து உள்ளே போகும். அது சரி. ஆனால் பன்னிரண்டு வருஷம் வாழ்ந்த ஒரு பிள்ளை ஒரு கதிரையில் இருந்ததே இல்லை என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. அல்லாவே என்று போய்விட்டது.

பரீனா பிள்ளையைக் கூட்டுக்குள் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். நான் தொடாமல், எட்ட நின்று சோக்கால் புதிய குறிகள் போட்டேன். அப்போதுதான் அவள் முதுகுப் பலகையின் துளைகளைக் கவனித்தாள்.

“இந்த ஓட்ட எல்லாம் என்னத்துக்கு?”

நவ்ஷாத் மேலே கூரையைப் பார்த்தான். எனக்குப் பொய் சொல்ல வராது. “பெல்ட்டுக்கு” என்றேன்.

அவள் பிள்ளையைத் தூக்கி நெஞ்சில் போட்டுக்கொண்டு எழும்பிவிட்டாள். “நான் சொல்லல்லயா? கட்டேலா எண்டு எத்தன தரம் சொன்னன்? சீட் மட்டும் எண்டுதானே என்னட்ட கதை?”

“பரீனா, கொஞ்சம் கேளு...” என்றான் நவ்ஷாத்.

“நீங்க காட்டுல ஈந்தீங்க. ஒங்களுக்கு என்ன தெரியும்?” பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். அழுகையும் கோபமும் சேர்ந்து மூச்சு வாங்கியது. “இவ சின்னதில வயல்ல வெள்ளாம வெட்டுக்கு நான் போகணும். வீட்டுல ஒருத்தரும் இல்ல. உருண்டு அடுப்புல விழுந்திருவா எண்டு பழைய சாரத்தால வீட்டுக் கப்புத் தூணுல கட்டி வெச்சிட்டுப் போனன். திரும்பி வந்தா அயல்ல ஈக்கிற பொம்புள ஒருத்தி வாசல்ல நிண்டு ஆக்களுக்குக் காட்டுறா, நாய்க்குட்டியக் கட்டின மாதிரிக் கட்டியீக்கிறா பாருங்க எண்டு. இடுப்புல தழும்பு. அண்டைக்குச் சொன்னன், இனி இவள என்ட கை ரெண்டும் தவிர ஒண்டும் கட்டாது எண்டு. அல்லா கேட்டுட்டு ஈந்தான்.”

நான் ஏதோ சொன்னேன். போல்ட், இழுவை, சேஸி என்று சம்பந்தமில்லாமல் உளறினேன் என்று நினைக்கிறேன். ஒரு இடத்தில் நிற்க முடியாமல் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அந்தப் பெண்ணை வற்புறுத்தவும் பிடிக்கவில்லை. அவளுடைய கையை நம்பி அந்தப் பிள்ளையை இன்னொரு முறை சப்பாத்துப் பாலத்தால் அனுப்பவும் என் மனசு கேட்கவில்லை.

சூசை பாஸ் அடுத்த வண்டிக்கு அடியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து கையைத் துடைத்தார். “நீ வேலைய முடி, மல்லி” என்றார். பிறகு பரீனாவிடம், “மகள், பூட்டுறதும் பூட்டாம விடுறதும் உங்கட விருப்பம். வந்து ஒரு தரம் பாருங்க. பாத்திட்டு வேணாம் எண்டா, கழட்டி வச்சிட்டுப் போங்க” என்றார். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். ஆனால் வருவதில்லை என்று சொல்லவில்லை.

அந்த சீட்டுக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வழுக்காமல் இருக்க இருக்கும் பலகையின் முன் பக்கத்தைச் சற்று உயர்த்தினேன். இரண்டு விலாவுக்கும் பஞ்சுத் திண்டு வைத்தேன். ரெக்ஸின் போட்டால் இந்த ஊர் வெயிலுக்கு உடம்பு வெந்துவிடும் என்று பருத்திச் சீலையால் தைத்தேன். இரண்டு தோள் வார், இரண்டு இடுப்பு வார், கீழே சரியாமல் கால்களுக்கு இடையால் ஒன்று, ஐந்தும் நடுவில் ஒரே பூட்டில் சேரும்படி செய்தேன். சாரதிக்குப் பின் வரிசையில், நடுவில், குறுக்குச் சட்டத்தோடு பிடித்து முறுக்கினேன். பக்கத்தில் உம்மா இருக்க ஒரு சீட், அதற்கும் ஒரு பெல்ட்.

அவர்கள் திரும்பி வந்த நாளில் வழக்கமான விதி முன்னால் வந்து நின்றது. பொருத்தியவன் முதலில் இருக்க வேண்டும். நான் எப்படி அதற்குள் இருப்பது? ஒரு தொடைகூட உள்ளே போகாது. நவ்ஷாத் என்னை விடப் பருமன்.

“உப்பு மூட்டை ஒண்டக் கட்டிப் பாப்பமா?” என்றேன்.

“மூட்டை கதைக்காது” என்றார் பாஸ். “சோதிக்காம இந்தக் கராஜில இருந்து ஒரு சீட்டும் வெளியே போகாது.”

எல்லோரும் நின்றோம். எனக்குப் பொறுக்கவில்லை, பலகையை அகலமாக்கலாமா என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அப்போது பரீனா பிள்ளையை நவ்ஷாதிடம் கொடுத்தாள்.

“நான் இருக்கிறன். இவளக் கட்டப் போறது எப்புடி எண்டு நானே பாக்கிறன்.”

குரலில் சண்டைதான் இருந்தது. அபாயாவைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறி, கூட்டுக்குள் தன்னைத் திணித்தாள். கொஞ்சம் இறுக்கம், ஆனால் கொண்டது. தோள் வார்களை எட்டுமட்டும் நீட்டிக் கொடுத்தேன். எந்த வாரை எங்கே போடுவது என்று நான் எட்ட நின்று சொல்ல, அவளே பூட்டினாள். பாஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தார். நான் கடைசி சீட்டில் ஏறிக்கொண்டேன்.

பாஸ் யாருக்கும் இரக்கம் காட்டவில்லை. எனக்கு ஓட்டுவது போலத்தான் ஓட்டினார். வரம்பின் முதல் பள்ளத்தில் பரீனாவின் இரண்டு கைகளும் மேலே எழும்பின. பிடிக்க எதுவும் இல்லை. ஆனால் கைகள் நெஞ்சுக்கு முன்னால் வளைந்து, இல்லாத பிள்ளையை இறுக்கிக்கொண்டிருந்தன. பள்ளத்துக்குப் பள்ளம் அப்படியே. எனக்குப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பினேன். பிறகு பாஸ் ப்ரேக் அடித்தார். நான் முன்னால் போய் என் பெல்டில் தொங்கினேன். நிமிர்ந்து பார்த்தால் பரீனா இருந்த இடத்திலேயே இருந்தாள். கைகள் இரண்டும் கீழே இறங்கி மடியில் கிடந்தன.

“இன்னொருக்கா அடிங்க” என்றாள்.

பாஸ் அடித்தார். முந்தியதை விடப் பலமாக.

கராஜுக்கு வந்ததும் பாஸ் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். போல்ட்டைப் பார்க்க இறங்கினார். பரீனா பூட்டைக் கழற்றி இறங்கி, நவ்ஷாதிடமிருந்து ஸஹ்ராவை வாங்கி, அவளைத் தூக்கி அந்த சீட்டில் வைத்தாள். ஒவ்வொரு வாராகப் போட்டு இறுக்கினாள். வாருக்கும் தோளுக்கும் இடையில் இரண்டு விரல் போகிறதா என்று தானே பார்த்தாள். பிறகு பக்கத்து சீட்டில் ஏறி, தனக்கும் பெல்ட் போட்டுக்கொண்டாள். இவ்வளவு செய்தும் கை அடிக்கடி பிள்ளையின் பக்கம் போய்ப் போய் வந்தது. நம்பவில்லை. பயத்தோடுதான் செய்தாள்.

“மெதுவா ஓட்டுங்க” என்றாள் கணவனிடம். “அழுதா உடனே கழட்டிருவன். இப்பயே சொல்லிட்டன்.”

நவ்ஷாத் கற்பிட்டிப் பாதையில் ஜீப்பைத் திருப்பினான். நான் கடைசி சீட்டில் இருந்து ஸஹ்ராவின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது இரண்டு பலகைக்கும் நடுவில் நேராக நின்றது. கொஞ்ச தூரம் போனதும் ஜீப் நின்றது. நடுப் பாதையில் கழுதைகள். நவ்ஷாத் ஹோர்ன் அடித்தான். எங்கள் ஊர்க் கழுதைகள் ஹோர்னுக்கா அசையும்? இருந்த இடத்தில் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தன.

ஸஹ்ரா கத்தினாள். அடித் தொண்டையிலிருந்து, அவ்வளவு பெரிய சத்தம்.

“வலிக்குதா? எங்க வலிக்குது மவள்?” பரீனா பதறிப்போய் பூட்டைத் தேடினாள். அதற்குள் இரண்டாவது சத்தம் வந்தது. அது அழுகை இல்லை. பிள்ளை சிரிக்கிறாள். வாயால் நீர் வடிய வடிய, கண்ணை முன்னால் வைத்து, அந்தக் கழுதைகளைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஒரு கழுதை காதை ஆட்டியதும் உடம்பெல்லாம் குலுங்க மறுபடியும் கத்தினாள்.

பரீனாவின் கை பூட்டின் மேலேயே நின்றுவிட்டது. பிள்ளையைப் பார்த்தாள், கழுதைகளைப் பார்த்தாள், மறுபடி பிள்ளையைப் பார்த்தாள். பிறகு முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு விம்மத் தொடங்கினாள்.

“என்ன? என்ன ஆச்சி?” நவ்ஷாத் பயந்துவிட்டான். “எறக்கவா?”

“எறக்க வேணாம்.” அவள் முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இத்தன வருஷமும் நான் இவள நெஞ்சோட அணைச்சித்தானே கொண்டு வந்தன். இவ என்ட தோளுக்கு மேலால கடந்து போனதத்தான் பாத்தீக்கிறா. முன்னால வாரத ஒரு நாளும் பாக்கல்ல. இண்டைக்குத்தான் பாக்கிறா.”

கழுதைகள் தங்களுக்குத் தோன்றிய நேரத்தில் விலகின. நவ்ஷாத் கண்ணைத் துடைத்துவிட்டு, கராஜ் பக்கம் போக ஸ்டியரிங்கை ஒடித்தான்.

“திருப்பாதீங்க” என்றாள் பரீனா. “இன்னும் கொஞ்சம் போங்க. புள்ள பாக்கட்டும்.”